வாடிக்கு ஐஸ் அனுப்புவது எப்படி?

போன வாரம் ஒரு கம்ப்யூட்டர் வழிகாட்டிக்கு மார்க் போட்டேன். சிரிக்காதீர்கள், இப்போது அதுவும் ஒரு வேலை.

இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும் — உடப்பில் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு ஒரு ஐஸ் கம்பனிக்கு ஓடர் எடுப்பதுதான் என் பிழைப்பு. மீனவர்கள் போனில் கேட்பார்கள். நான் கம்ப்யூட்டரில் பதிவேன். லொறி போகும். இப்போது அந்த வேலையை ஒரு ஏஐ ஏஜென்ட் பழகுகிறது. மெசேஜ் அனுப்பினால் போதும். எங்கள் மென்பொருளுக்கு எழுதப்பட்ட வழிகாட்டியை வாசித்து, அதுவே ஓடர் போட்டுவிடும். அந்த வழிகாட்டி போதுமா என்று பார்த்து, குறையை எழுதிச் சேர்ப்பது என் பொறுப்பு.

"அக்கா, அதுக்கு ஊரும் தெரியாது, ஆளும் தெரியாது. எழுதியிருக்கிறத மட்டும்தான் பாக்கும். பிழை விட்டாலும் நீங்க இடையில சொல்லிக் குடுக்கக் கூடாது," என்றார் கம்பனியில் கம்ப்யூட்டர் பகுதியைப் பார்க்கும் ரிஸ்வான்.

கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். பத்து மாதிரி ஓடர்கள். எட்டு சரி. மற்ற இரண்டிலும் ஒரே கூத்து... ஆனி மாதத்தில் உடப்புப் படகுக்குக் கேட்ட ஐஸை உடப்புக் கடற்கரைக்கே அனுப்பிவிட்டது.

அதில் என்ன பிழை? படகு பதிவான கரைக்கு அனுப்பு என்றுதான் எழுதியிருந்தது. வைகாசியில் சோளகக் காற்று தொடங்கி இங்கே மேற்குக் கடல் கொந்தளித்தால், எங்கள் படகுகள் கிழக்குக் கரைக்குப் போய்விடும். அங்கே கரையில் வாடி என்று ஓலைக் கொட்டில் போட்டுத் தங்கித் தொழில் செய்துவிட்டு, ஐப்பசியில்தான் திரும்பும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விசயத்தை எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

ஒரு வரி போதும். ஐந்து நிமிட வேலை. நான் நாலு நாள் எழுதவில்லை.

ஏன்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த வரி சேரும்வரை வாடி ஓடர்களை மட்டும் நானே போனில் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. என் கணவரும் வாடியில்தான் இருக்கிறார், கொக்கிளாயில். காரணம் இல்லாமல் போன் எடுக்கிற மனிதர் இல்லை அவர். ஐஸ் வேண்டுமென்றால் எடுப்பார். எத்தனை கட்டி என்று சொல்வார். பிறகு கொஞ்சம் இருமுவார். அதற்குப் பிறகுதான் கதை வரும் — காற்று, வலை, பக்கத்து வாடிக்காரரின் குறட்டை...

மகள் படிக்கக் கொழும்புக்குப் போய்விட்டாள். எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மற்ற வாடிக்காரர்கள் ஓடரைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். எனக்கென்று ஒரு குரல் வருவது அந்த ஐஸ் ஓடரில் மட்டும்தான். அந்த வரியை எழுதிவிட்டால் அவரும் ஏஜென்டிடம்தானே கேட்பார்?

நீ எடுத்துக் கதைக்க வேண்டியதுதானே என்பீர்கள். நானும் அவரைப் போலத்தான். எடுத்து என்னவென்று சொல்வது?

ஐந்தாம் நாள், இன்னொரு வாடியிலிருந்து சின்னராசா அண்ணன் எடுத்தார்.

"தங்கச்சி, விடியத்தொட்டு அடிக்கிறன். லைன் பிசி, லைன் பிசி. ஐஸ் இல்லாம சூடை மீன் முழுக்கப் பழுதாப் போச்சு."

குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"ஆரோட கதைச்சுக்கொண்டு இருந்தனீங்க?"

அன்று விடிந்ததிலிருந்து என் கணவரோடு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் கதைத்திருந்தேன். அந்த நேரத்தில் ஒரு மனிதரின் ஒரு நாள் உழைப்பு வெயிலில் நாறிப்போயிருக்கிறது.

அன்றே எழுதினேன். 'வைகாசி முதல் ஐப்பசி வரை, ஐஸ் எந்த இடத்துக்கு வேண்டும் என்று முதலில் கேட்கவும். கேட்காமல் அனுப்ப வேண்டாம்.' திரும்பவும் சோதித்தோம். பத்துக்குப் பத்து.

"சூப்பர் அக்கா, இனி ஒருத்தரும் உங்களக் கரைச்சல் படுத்த மாட்டாங்க," என்றார் ரிஸ்வான்.

அவர் சொன்னது சரிதான். போன் அடிக்கவே இல்லை.

நல்ல வழிகாட்டி என்றால் என்ன? யாரையும் கேட்காமல் வேலையை முடிக்க விடுவது. நல்ல காரியம்தான், சின்னராசா அண்ணனுக்கு நேரத்துக்கு ஐஸ் போகிறது. ஆனால் மனிதர்கள் ஒருவரையொருவர் கேட்பதெல்லாம் தெரியாததால் மட்டுமா? எத்தனையோ கேள்விகள் கதைப்பதற்கு ஒரு சாட்டுத்தான்.

முந்தாநாள், ஏஜென்டின் உரையாடல்களுக்கு மார்க் போட உட்கார்ந்தேன். அதில் என் கணவருடையதும் இருந்தது. கொக்கிளாய், பன்னிரண்டு கட்டி. எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தது. கடைசியில், "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டிருந்தது ஏஜென்ட்.

"முந்தி ஓடர் எடுத்தவ இப்ப எப்பிடி இருக்கிறா?" என்று அவர் எழுதியிருந்தார்.

"மன்னிக்கவும். அதுபற்றி வழிகாட்டியில் எதுவும் இல்லை."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் முழு மார்க். அதுதான் விதி. கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டேன்.

பிறகு நானே அவருக்குப் போன் எடுத்தேன் — ஐஸ் வந்து சேர்ந்ததா என்று கேட்க.