மூச்சடக்கிக் கேட்ட கச்சேரி

தூத்துக்குடிக்கு எந்தக் கச்சேரி வந்தாலும், அந்தச் செய்தி முதலில் பிச்சையாவின் தொண்டை வழியாகத்தான் ஊருக்குள் நுழையும். இரண்டு பக்கமும் தட்டி கட்டிய மாட்டு வண்டி, கையில் தகரக் குழாய், மடியில் நோட்டீஸ் கட்டு. சங்கீதத்தில் அவருக்கு ஞானம் கிடையாது. ஆனால் எந்த வித்துவான் எந்த ஊரில் எத்தனை தோசை தின்றார் என்பது அத்துப்படி. அதையும் சேர்த்தே கூவுவார்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், சங்கீத சபைக் காரியதரிசி ராஜகோபாலன் ஒரு புதுமை செய்தார். வெள்ளிக்கிழமை கும்பகோணத்துப் பாகவதர். சனிக்கிழமை ரோச்சின் ஜாஸ் பேண்டு. ரோச் உள்ளூர்க் கடற்கரைப் பிள்ளைதான். மாதா கோயில் திருவிழாவில் டிரம்பெட் ஊதிப் பழகி, இப்போது கொழும்பு ஹோட்டலில் ஊதுகிறவன்.

“ஓய், போன கச்சேரிக்கு வந்தவாளைவிட மேடையில இருந்தவா ஜாஸ்தி. இந்தத் தடவையும் பெஞ்சு காலியாக் கெடந்தா, இனிமே வேதமணிதான் கூவுவான்” என்றார் ராஜகோபாலன்.

வேதமணிக்குத் தகரக் குழாயே வேண்டாம், அப்படி ஒரு குரல். பிச்சையாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

“போனாப் போகுது, உப்பளத்துல வேல பாரும்” என்றாள் மனைவி சீனித்தாய்.

“உப்பு அள்ளுனா எவன் ஏளா என்னத் திரும்பிப் பாப்பான்?”

மறுநாள் கடற்கரையில் சங்கு குளிக்கிறவர்கள் கயிறு காயவைத்துக்கொண்டிருந்தார்கள். தன்னைப்போலத் தண்ணிக்குள் மூச்சடக்க ஆளில்லை என்று அவர்களில் ஜேசுபாதம் அளந்துகொண்டிருந்தான். பிச்சையாவுக்கு நாக்கு அரித்தது.

“ஏலே, ரொம்பப் பேசாத. பாகவதர் உச்சியில போயி நின்னார்னா, நீ ரெண்டு தடவ முங்கி எந்திரிச்சிரலாம். அவரு அங்கனயேதான் நிப்பாரு. ரோச் ஒரே மூச்சுல ஊதி முடிக்கதுக்குள்ள வெள்ளக்காரன் டீயே ஆறிப்போச்சாம்!”

“டிக்கட்டு எங்கன கிடைக்கும் அண்ணாச்சி?” என்றான் ஜேசுபாதம்.

வெள்ளிக்கிழமை கொட்டகை நிரம்பியது. சங்கு குளிக்கிறவர்கள் வந்தார்கள், அவர்கள் பாகவதரிடம் மூச்சில் தோற்பதைப் பார்க்கப் பாதி பஜாரும் வந்தது. பாகவதர் நீளமாக இழுத்தபோதெல்லாம் பின் பெஞ்சு மொத்தமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தது. அவர் நிறுத்தியதும் ‘புஸ்’ என்று ஒரே பெருமூச்சு. பாகவதருக்குக் கண் கலங்கிவிட்டது.

“மெட்ராஸ்லகூட இப்படி லயிச்சுக் கேக்கிற சபையை நான் பார்த்ததில்லை” என்றார். ராஜகோபாலன் பூரித்துப்போனார். அவரிடம் உண்மையைச் சொல்லப் பிச்சையாவுக்கு என்ன தலையெழுத்தா?

சனிக்கிழமை ரோச் ஊத வந்தான். கடற்கரைக்காரனல்லவா, பிடித்த மூக்குகளைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. ரோஷமும் வந்துவிட்டது. ஆட்டப் பாட்டைப் பாதியில் விட்டு, ஒரே சுரத்தைப் பிடித்து ஊதினான், ஊதினான், கழுத்து நரம்பு புடைக்க ஊதினான். கடைசியில் அவனுக்குத்தான் மூச்சு அறுந்தது. ஜேசுபாதம் அதற்குப் பிறகும் கன்னத்தை உப்பிக்கொண்டே எழுந்து நின்று கும்பிட்டான்!

அவ்வளவுதான். ஜேசுபாதத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டம் வெளியே போய்விட்டது. கச்சேரியில் பாதிக்கு மேல் பாக்கி. காலிப் பெஞ்சுகளைப் பார்த்த ராஜகோபாலன் மெதுவாகக் கேட்டார்: “வேதமணி வீடு எந்தத் தெரு, ஓய்?”

பிச்சையா தகரக் குழாயோடு தெருவுக்கு ஓடினார்.

“அண்ணாச்சிமாரே, இது கள்ளாட்டம்! ஜேசுபாதம் மூச்ச உள்ள வச்சிருந்தான், ரோச் வெளிய விட்டான். ரெண்டும் ஒண்ணாவே? ஆம்பளன்னா வந்து ரோச்சோட கொழல ஊதச் சொல்லுங்க!”

போன கூட்டம் இரண்டு பங்காகத் திரும்பியது. ஜேசுபாதம் மேடையேறி, மார்பு நிறையக் காற்றை இழுத்து ஊதினான். கன்று ஈனுகிற எருமை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதுவும் ஒரு தடவைதான். சிரித்துச் சிரித்துப் பெண்கள் பக்கத்தில் ஒரு பெஞ்சு சாய்ந்தது. ஜேசுபாதமே சிரித்துக்கொண்டு குழலை ரோச்சிடம் கொடுத்தான். “நீயே ஊது மாப்ள. இது கடலவிட மோசம்!” என்று முதல் வரிசையில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் ராஜகோபாலன் வந்தார். “அடுத்த மாசம் வீணைக் கச்சேரி. நீர்தான் கூவணும்.”

“வீணையில மூச்சுக்கு வேல உண்டா சாமி?”

“மூச்சா? விரல்தான் ஓய் எல்லாம்.”

பிச்சையா, வலை பின்னுகிறவர்கள் இருக்கும் தெருப்பக்கம் வண்டியைத் திருப்பினார்.