இடது காதில் பிறை

வேலியிட்ட அந்தக் காட்டில் யானைகள் இருநூற்றுப் பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை உண்டு. அட்டைகளைப் பார்த்துக்கொள்பவளை அலுவலகத்தில் எல்லோரும் காதக்கா என்றார்கள். கிழிசல், ஓட்டை, மடிப்பு என்று ஒரு யானையின் காதுபோல் இன்னொன்றின் காது இராது. பதினாறு வருடமாக அவள் பார்த்தது அவற்றைத்தான். அட்டையில் ‘இடது’ என்று எழுதும் முன் தன் இடது காதை ஒரு தடவை தொட்டுக்கொள்வாள்.

“என் முகத்த என்னைக்காவது பாத்திருக்கியா?” என்பார் கணவர்.

“காதப் பாத்தாலே நீங்கன்னு தெரியுதே, போதாதா?”

அந்த வருடம் புல் தீர்ந்துபோய், மரங்கள் பட்டை உரிந்து நின்றன. ஒரு குடும்பத்தை வேறு காட்டுக்கு அனுப்ப முடிவாயிற்று. குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது. முக்கியமாக, வழிகாட்டும் கிழவியை விட்டுவிடக் கூடாது. கிழவி இல்லாத கூட்டம் புது இடத்தில் திக்குத் தெரியாமல் ஊருக்குள் புகும். யார் யார் குடும்பம் என்பதற்கு அவள் அட்டைகளே சாட்சி. எட்டு யானைகளை எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தக் குடும்பத்துக் கிழவி, இடது காதில் பிறைபோல் கிழிந்தவள், போன வறட்சிக்குப் பின் கண்ணில் படவில்லை. கிழவியின் அட்டையில் சிவப்பு மையால் ‘இறந்தது’ என்று எழுதியதும் காதக்காதான்.

மறுநாள் காலை மயக்க ஊசி. லாரிகள் வந்து முற்றத்தில் நின்றுவிட்டன. மதியச் சாப்பாடு இறங்காமல் அவள் உட்கார்ந்திருந்தபோது ஜீப் டிரைவர் எட்டிப் பார்த்தான்.

“அக்கா, நான் குடுத்த போட்டோவ அட்டையில ஒட்டிட்டீங்களாமே. காட்டுங்க.”

எடுத்துக் காட்டினாள். சதுப்பில் தனியாக நின்ற பெண் யானை, வலது காதில் பிறை. எந்தக் குடும்பத்திலும் சேராதது என்று கீழே குறிப்பு.

“அடப்பாவமே, என்னைய வெட்டிட்டீங்களே!”

“உன் காதுக்கு யாருப்பா அட்டை போடச் சொன்னா?”

“அது நான் எடுத்த செல்ஃபிக்கா! யானை சும்மா பின்னால நிக்குது. முழுசா பாருங்க, எவ்வளவு அம்சமா இருக்கேன்னு.”

சிரித்துக்கொண்டே போனை வாங்கினாள். படத்தில் அவன் வலது கையில் கடிகாரம். சட்டைப் பையும் வலது பக்கம்.

“நீ வாட்ச் எந்தக் கையில கட்டுவ?”

“எப்பவும் இடது கைதான். ஏன்க்கா? முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?”

செல்ஃபி கேமரா கண்ணாடிபோல் இடம்வலம் மாற்றியிருந்தது. அப்படியானால் பிறை இருப்பது இடது காதில். கிழவி சாகவில்லை. அன்று தன் காதைத் தொட்டுப் பார்த்துத்தான் ‘வலது’ என்று எழுதினாள். துளிச் சந்தேகமும் இருக்கவில்லை. தவறு எதுவும் வரும்போது தவறு மாதிரி வருவதில்லை.

ரேஞ்சர் யாரிடமோ போனில் கிரேன் கேட்டுக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றாள்.

“சார், எட்டு இல்ல. ஒன்பது. கிழவி உயிரோட இருக்கு.”

“விளையாடுறீங்களாம்மா? எட்டுக்குத்தான் உத்தரவு. ரெண்டு நாள்தான் அனுமதி.”

“அது இல்லாம மத்ததுங்கள ஏத்தக் கூடாது சார். தப்பு என்னோடது.”

அவர் போனை மேசைமேல் கவிழ்த்தார்.

“சரி. மத்த அட்டை எல்லாம் சரின்னு எழுதித் தருவீங்களா?”

எழுதித் தருகிறேன் என்றால் அவள் வேலை தப்பும்.

“மாட்டேன் சார். திரும்பப் பாக்கணும்.”

ரேஞ்சர் எழுந்தார். “நாளைக்குக் காலையில சதுப்புல அந்தக் காதக் காட்டுங்க. காட்டலேன்னா லாரியெல்லாம் திரும்பிப் போயிடும். உங்க வேலைக்கும் நான் பேச முடியாது.”

விடிந்து இரண்டு மணி நேரம் கழித்துக் கிழவி வந்தாள், காது முழுக்கச் சேறோடு. யானை டாக்டரம்மா மயக்க ஊசித் துப்பாக்கியோடு காத்திருந்தார். டிரைவர் ஜீப்பின் இன்ஜினை அணைத்திருந்தான். வெயில் ஏற ஏறச் சேறு வெளுத்து வெடித்தது. கிழவி ஒரு தடவை காதை அடித்தாள். பொருக்கு உதிர்ந்து பிறை தெரிந்தது.

“எந்தப் பக்கம்மா?” ரேஞ்சர் கிசுகிசுத்தார்.

யானை எதிரே நின்றது. காதக்கா தன் காதைத் தொட்டாள், யானையைப் போலவே திரும்பி நின்று மறுபடியும் தொட்டாள்.

“இடது.”

ரேஞ்சர் போனை எடுத்து ஒன்பதாவதுக்கு உத்தரவு கேட்கத் தொடங்கினார். அவள் ஜீப்பில் ஏறி, அட்டைகள் இருந்த பெட்டியை மடியில் வைத்துத் திறந்து, முதல் அட்டையை வெளியே எடுத்தாள்.

“இந்தப் போட்டோ யாரு எடுத்தது, தம்பி?”