மருந்து போட்ட கிணறு

நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்த கிழவி. பிழையாக எழுதினாலும், மறந்துபோய் எழுதினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் முகாம் கிணற்றில் சுகாதார ஐயா மருந்துத்தூள் போட்டார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் திரும்பவும் எட்டு வயதுப் பிள்ளையாகிவிட்டேன்.

அப்போது ஊரெல்லாம் வாந்திபேதி. எங்கள் கிணற்றுக்கும் இதே தூளைப் போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் அம்மன் சடங்கு.

"மருந்து மணக்கிற தண்ணியிலயா அம்மாளுக்குப் பொங்குற? இறை புள்ள" என்றா அம்மா.

நானும் அவவும் கிணற்றை அடிவரை இறைத்தோம். புதிதாக ஊறிய தண்ணீரைத் தங்கச்சி ஆசையாகக் குடித்தாள். மூன்றாம் நாள் அவளைப் பாயில் சுற்றிக் கொண்டுபோனார்கள்.

முகாமிலும் பெண்கள், "என்னகா இந்த நாத்தம்! இறைச்சு ஊத்துவம்" என்று வாளி எடுத்தார்கள். ஆட்கள் முன் வாய் திறவாத நான் வாளியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆச்சிக்குப் பேய் பிடிச்சிட்டு" என்று சிரித்தார்கள். நான் விடவில்லை.

தங்கச்சிக்கு அப்போது நாலு வயதா, அஞ்சா? தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள்.