பவுடர் பூசிய முதுகு

எழுபத்து மூன்று வயதில்தான் என் முதுகில் முதன்முதலாக எண்கள் எழுதப்பட்டன. ஆறு மாதமாகத் தலையிலும் கழுத்திலும் அரிப்பு. புதுச்சேரியில் தோல் மருத்துவரம்மா ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பொருள் தடவிய பொட்டளவு பிளாஸ்திரிகள் இருபதை முதுகில் ஒட்டி, பக்கத்திலேயே பேனாவால் எண் போட்டார். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அந்த இடம் தடித்துவிடுமாம். ஏழாவதில் இருந்தது தலைக்கு அடிக்கும் டையின் மருந்து. மற்ற பத்தொன்பதில் எதை விடச் சொன்னாலும் விடத் தயாராக இருந்தேன்.

இரண்டு நாளில் பிரித்துவிட்டு, நான்காம் நாள் முதுகைப் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்றார். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது. எங்கள் செஞ்சியில், மூன்று பக்கமும் பாறை வெயிலைத் திருப்பி அடிக்கும் ஊரில், நான்கு நாள். மின்விசிறிக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் நாள் மனைவி முதுகைத் தடவிப் பார்த்தாள்.

"ஏழாம் நம்பர்ல தடிப்பா இருக்குதுங்க."

"கொசு கடிச்சிருக்கும். நீ படத்த எடு."

முதல் படத்தில் வேர்வை பளபளத்தது. ஆதார் அட்டைக்கானாலும் பவுடர் போடாமல் படத்துக்கு நிற்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பூசச் சொன்னவன் நான்தான். எண்கள் மறையக்கூடாது என்று எச்சரிக்கை வேறு. எடுத்த ஆறு படங்களில் முதுகு நல்ல வெளுப்பாகத் தெரிந்ததை அனுப்பினேன்.

மாலையில் இரண்டு வரி பதில் வந்தது. படத்தில் எதுவும் தெரியவில்லை என்பது முதல் வரி. சில தடிப்புகள் தொட்டால்தான் தெரியும், சந்தேகம் இருந்தால் நேரில் வரவும் என்பது அடுத்தது. வீட்டுப் படிக்கட்டைக்கூடத் தினமும் எண்ணி ஏறுகிற நான், அன்று ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டேன். உடனே டை அடித்தேன்.

விடிந்தபோது நெற்றி வீங்கி, கண்கள் இரண்டும் கீற்றாகியிருந்தன. மனைவிதான் கையைப் பிடித்துப் பேருந்தில் ஏற்றினாள். மருத்துவரம்மா என் முகத்தைப் பார்த்தார், நான் அனுப்பிய படத்தைப் பார்த்தார், பிறகு முதுகில் விரலை ஓட்டினார். விரல் ஏழில் நின்றது.

"இவ்ளோ பெரிய தடிப்பு, படத்துல தெரியவே இல்லையே. முதுகுல எதாவது போட்டீங்களா?"

"பவுடர்ங்க. நீங்க போட்டோன்னு சொன்னீங்களே" என்றாள் மனைவி.

டையை இனித் தொடவே கூடாது என்றார் மருத்துவரம்மா. விரல் மட்டும் தப்பு செய்யாதா, இன்னொரு படம் அனுப்பி முடிவு செய்யலாமே என்று கேட்டேன். அவர் மருந்துச் சீட்டு எழுதுவதை நிறுத்தவில்லை.

மனைவி கைபேசியை என் வீங்கிய முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"இந்தப் படம் போதுமா?"