யோகேஸ்வரி பறக்காத நாள்

யோகேஸ்வரி விமானத்தின் இறக்கைக்கு அடியில் குந்தி, சிறிய குழாயில் கொஞ்சம் எரிபொருளை இறக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்துப் போல நிற்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. விரல்கள் மரத்துப் போயிருந்தன. உதறினார். இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது.

வேறு யாராவது அசதி என்று விட்டிருப்பார்கள். சிம்பாங் ரெங்கம் ஊரில் அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோதும் முதலில் கைதான் இப்படி மரத்தது.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. செனாய்ப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தொன்பது வருடமாக விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். மருத்துவர் தகுதிச் சான்று தர மறுத்தால் அந்த வேலை அன்றோடு சரி.

மாணவர் ரூபேந்திரன் வந்து நின்றார். கெலாங் பாத்தாக்காரர், சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் வேலை. அன்று தன்னைப் பக்கத்தில் வைத்து ஒரு சுற்று ஒழுங்காக ஓட்டினால், முதல்முறை தனியாகப் பறக்க விடுவதாக யோகேஸ்வரி சொல்லியிருந்தார்.

"லீவு போட்டு வந்திருக்கேன், கேப்டன். மழை வர்றதுக்குள்ள போலாம் லா."

"மழையை நான் பாத்துக்கறேன். நீ கேள்வியைக் கேளு."

ஏறுவதற்கு முன் மாணவரின் உடல்நிலையை அவர் கேட்பார். பிறகு மாணவரும் அவரைக் கேட்க வேண்டும். அது அவர் வைத்திருந்த வழக்கம்.

"தூக்கம்?"

"ஆறு மணி நேரம்."

"மருந்து?"

"இல்ல."

"உடம்பு?"

இத்தனை வருடமும் 'நல்லா இருக்கு' என்றே சொல்லிப் பழகிய வாய், தானாகத் திறந்தது. தரையிறங்கும்போது ரூபேந்திரன் தடுமாறினால் சட்டென்று பிடிக்க வேண்டியது அவருடைய அந்த இடது கைதான்.

"சரியில்ல. இப்பதான் இடது கை மரத்துச்சு."

"அலமாக்! என்னைத் தனியா விடப் பயந்துகிட்டு கதை விடறீங்களா?"

"உன்னை நெனச்சுப் பயமில்ல. உன் பக்கத்துல உட்கார்றவளை நெனச்சுத்தான்."

ரூபேந்திரனின் கிண்டல் நின்றது. "அப்ப நிக்காதீங்க, கார்ல ஏறுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

பாதி வழியில் மெதுவாகக் கேட்டார். "இதைச் சொன்னா லைசென்ஸ் என்ன ஆகும், கேப்டன்?"

"நிறுத்தி வைப்பாங்க. திரும்பக் கெடைக்காமலும் போலாம். நீ ரோட்டைப் பாரு."

மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் தடைபட்டிருக்கிறது என்றார் மருத்துவர். அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை, வார்டிலிருந்தபடியே யோகேஸ்வரி பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். தன் பெயரில் இனி வகுப்பு போட வேண்டாம் என்றார். பிறகு, சக பயிற்சியாளர் மதிவாணனைக் கூப்பிடச் சொன்னார்.

"ரூபேந்திரனை நீங்க எடுத்துக்குங்க. காத்து பக்கவாட்டுல அடிச்சா வலது கால் மிதியை லேசா விட்டுடறான். அதைச் சரி பண்ணிட்டுத் தனியா அனுப்புங்க."