அத்தை குத்திக்கொண்ட மகாராஜா

மகாராஜாவின் பிறந்தநாளுக்கு எங்கள் பாறசாலைப் பெண்பள்ளிக்கூடத்தில் வருஷந்தோறும் பாயசம் உண்டு. நான் மூன்றாம் வகுப்பில் இருந்த வருஷம் பாயசத்தோடு ஆளுக்கொரு வில்லையும் கொடுத்தார்கள். வட்டமான தகரம். அதன்மேல் தலைப்பாகையும் பதக்கங்களுமாக மகாராஜாவின் படம். படத்தின்மேல் கண்ணாடி போல ஏதோ ஒன்று பளபளத்தது. திருப்பிப் பார்த்தால் வளைத்துச் செருகிய ஊசி. சர்க்கார் கச்சேரிச் சேவகர்கள் குறுக்குப் பட்டையில் பித்தளை வில்லை போடுவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். அதனால் இதற்கும் வில்லை என்பதே பெயராகிவிட்டது.

பெரிய வாத்தியார் தம் கையாலேயே ஒவ்வொருத்தி சட்டையிலும் குத்திவிட்டார். சூரியன் அடையும்வரை கழற்றக் கூடாது, கழற்றினால் ராஜ துரோகம் என்றார். ராஜ துரோகம் என்றால் என்னவென்று யாரும் கேட்கவில்லை. பாயசம் ஆறிக்கொண்டிருந்தது.

வீடு சேர்வதற்குள்ளேயே நான் அந்தத் துரோகத்தைச் செய்யும்படி ஆகிவிட்டது. ஓடி வந்ததில் ஊசி கழன்று தோளில் குத்தியது. அழுதுகொண்டே அடுக்களைப் பக்கம் போனேன். அத்தை சட்டையிலிருந்து வில்லையை எடுத்துவிட்டு, குத்திய இடத்தில் எச்சில் தொட்டு வைத்தாள். பிறகு வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத எனக்குத் தருவியா மக்கா?"

குத்துகிற சாமானை யார் வேண்டுமென்பார்கள்? எடுத்துக்கொள் என்றேன். அவள் அதைத் தன் வெள்ளைச் சேலையில், இடது தோளுக்குக் கீழே குத்திக்கொண்டாள்.

அத்தை அப்பாவின் தங்கை. அப்போது அவளுக்கு இருபது வயது நிறைந்திருக்காது. காரோட்டுப் பக்கம் கல்யாணம் செய்துகொடுத்திருந்தார்கள். புருஷன் நெஞ்சுநோயில் போய்விட, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்துவிட்டாள். அதன்பிறகு பூவில்லை, வளையலில்லை, பொட்டில்லை. வீட்டின் முன்பக்கத்துப் பூமுகத்துக்கு அவள் வருவதில்லை. வெளியாட்கள் குரல் கேட்டால் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போட்டு நான் கேட்டதில்லை. கிணறு வீட்டுக்குப் பின்னால் இருப்பதைப் போல அத்தையும் வீட்டுக்குப் பின்னால் இருந்தாள்.

எங்கள் வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். கிராமத்து வரி வசூலிக்கும் பார்வத்தியக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பூமுகத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த மகாராஜாவின் படத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் அவரே மாலை கட்டிப் போடுவார். அந்த மாலையில் வேறு யாரும் கைவைக்க முடியாது.

அன்று மத்தியானம் அத்தை அவருக்குச் சோறு போட்டாள். கலத்தில் விழுந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அது என்ன?"

"மகாராஜாவாக்கும் அண்ணா."

"அது எனக்குத் தெரியும். உனக்க மேல என்னத்துக்கு?"

"பிள்ளைய ஊசி குத்திச்சு. கீழ போட மனசு வரல்ல."

"களற்று."

சொன்ன பிறகு அவருக்கே தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். பூமுகத்தின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "களற்றி ஒரு நல்ல எடத்துல வை, கேட்டியா?" என்றார்.

"எனக்கு அடுக்களையல்லாம வேற எடம் ஏது அண்ணா? அங்க கரிதான் உண்டு. மகாராஜாவ கரியில வைக்கட்டா?"

பெரியப்பா குனிந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாளும் வில்லை சேலையில் இருந்தது. "பிறந்தநாளு நேத்தோட களிஞ்சாச்சு" என்றார் பெரியப்பா. அத்தை அடக்கமாகத்தான் கேட்டாள்: "நேத்தோட மகாராஜா மாறியாச்சா அண்ணா?"

அவர் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்பா நெய்யாற்றின்கரைக் கச்சேரியில் குமஸ்தா. வாய்ச்சொல்லைவிட எழுத்துக்குப் பயந்தவர். பிடரியைச் சொறிந்துகொண்டே வெகுநேரம் யோசித்தார்.

"அண்ணன் சொல்லியது நியாயந்தான். ஆனா எவனாவது மேல எளுதிப் போட்டான்னு வையுங்க. மகாராஜாக்க படத்த குமஸ்தா வீட்டுல களற்றிப் போட்டாவன்னு. எனக்க உத்தியோகம் நிக்குமா?"

எழுதிப் போட யாருமில்லை. எங்கள் வீட்டு அடுக்களைக்குள் கோழியைத் தவிர வேறு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனாலும் பெரியப்பா எழுந்து போய்விட்டார். அம்மா தயிர் கடையும் மத்தை வேகமாக இழுத்தாள். அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தோன்றியது. சிரிக்க என்ன இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

ஓணம் கழிந்து அம்மாவின் தம்பி வந்தார். அந்த மாமாவுக்குத் திருவனந்தபுரம் சாலைக்கடைத் தெருவில் ஒரு காகிதக் கடையில் வேலை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வில்லைப் பெட்டிகள் வந்ததே அந்தக் கடையிலிருந்துதான். பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினார். எல்லாம் வில்லைகள். இங்கிலாந்துச் சக்கரவர்த்தி, சக்கரவர்த்தியின் ராணி, சிகரெட்டுப் பெட்டியோடு இனாமாக வந்த கப்பல், பிஸ்கோத்து தின்னும் வெள்ளைக்காரச் சிறுமி, பெண்வேஷம் கட்டிய ஒரு நாடகக்காரர்.

மாமாவுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். அடியில் தகரம், அதன்மேல் அச்சடித்த காகிதம், அதற்குமேல் செல்லுலாயிட் என்ற மெல்லிய தகடு, மூன்றையும் சேர்த்து விளிம்பை மடக்கிவிடுகிறார்கள் என்று விளக்கினார். இந்த வேலையை முதலில் கண்டுபிடித்தது அமெரிக்காவிலாம். அங்கே நாட்டை ஆள விரும்புகிறவர்கள் தங்கள் முகத்தை இப்படி அச்சடித்து ஊரெல்லாம் கொடுப்பார்களாம். பிடித்தவன் முகத்தை ஜனங்கள் நெஞ்சில் குத்திக்கொள்வார்களாம்.

"பிடிக்காமப் போனா?" என்று கேட்டார் பெரியப்பா.

"களற்றிட்டு வேற ஆள குத்துவாவ."

"அதுவும் ஒரு ராஜ்யமாக்கும்" என்று பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரத்தில் அத்தை மாமாவுக்குக் காப்பி கொண்டுவந்து கதவோரம் வைத்தாள். மாமாவின் கண் அவள் சேலையில் போய் நின்றது.

"இதோடயா அடுப்புக்கிட்ட நிக்கிய? ஆபத்தாக்கும்" என்றார்.

அடுப்பிலிருந்து ஒரு தீக்கங்கை எடுத்துவரச் சொன்னார். பிஸ்கோத்துச் சிறுமியின் வில்லையில் விளிம்பு பெயர்ந்திருந்தது. அதை முற்றத்தில் வைத்துக் கங்கால் தொட்டார். புஸ்ஸென்று ஒரு தீ எழுந்து, சிறுமியும் பிஸ்கோத்தும் கண்மூடித் திறப்பதற்குள் கறுத்துப் போனார்கள். கற்பூர வாசனை வந்தது. அம்மா பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பெரியப்பாவின் முகம் தெளிந்தது. இத்தனை மாதமாகத் தேடிய வழி கிடைத்துவிட்டது. ராஜபக்திக்கும் பங்கமில்லை.

"கண்டியா பிள்ள, உயிருக்கு ஆபத்துன்னு விவரமுள்ளவனே சொல்லியான். அடுப்புக்கிட்ட இது ஆகாது."

அத்தை கருகிய தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கை வில்லையின்மேல் போய் நின்றது. கழற்றப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"செரி அண்ணா. அப்ப நான் அடுப்புக்கிட்ட போகல்ல."

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். வீட்டில் சமையல் நின்றுபோகும் என்றாவது அம்மா சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பார். அம்மா அவர் முகத்துக்கு நேரே பேசுகிற வழக்கமில்லை. சுவரைப் பார்த்து, என்னிடம் சொல்வதுபோலச் சொன்னாள்:

"அடுப்ப நான் பாத்துக்கிடுவேன். எனக்கு என்ன, கை இல்லியா?"

அப்படித்தான் அத்தை அடுக்களையை விட்டு வெளியே வந்தாள். வெளியே வந்தவளுக்கு இருக்க ஓர் இடம் வேண்டுமே. என் பாடத்தைக் கேட்கிற சாக்கில் பூமுகத்தின் மூலையில் உட்காரத் தொடங்கினாள். அவள் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். தமிழும் மலையாளமும் நன்றாக எழுதுவாள். கணக்கு எனக்குத் தப்பிப்போகும். அவள் புளியங்கொட்டையைப் பரப்பி வைத்துச் சொல்லிக்கொடுத்தால் தப்பாது. அடுத்த வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பிறகு தெருவிலிருந்து இன்னும் சிலர். பொழியூரிலிருந்து மீன் கொண்டுவருகிற அக்காகூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தன் மகளை ஒருநாள் உட்கார வைத்துவிட்டுப் போனாள். பெரியப்பா தம் சாய்வு நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். எங்களுக்கு அவருடைய பிடரி மட்டும் தெரியும். ஆனால் யாராவது வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னால் அந்தப் பிடரி அசையும்.

மாசி மாதத்தில் பெண்பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற இன்ஸ்பெக்டர் அம்மாள் ஒருவர் திருவனந்தபுரத்திலிருந்து வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் ஏற்பாடு. மலையாளத்துக்காரர். மூக்குக் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் போட்டிருந்தார். அவர் நினைத்ததைவிட முன்னதாகப் படியேறியபோது, மத்தியான மணி அடித்து ஓடிவந்திருந்த நாங்கள் பூமுகத்தில் கூட்டமாக ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம். அத்தைக்கு உள்ளே ஓட நேரம் கிடைக்கவில்லை. எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் முதலில் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். பிறகு வில்லையைப் பார்த்தார். அதற்குள் அதன் விளிம்பில் துரு பிடித்து, மகாராஜாவின் தலைப்பாகை ஓரம் பழுத்துப் போயிருந்தது.

"திருநாள் கழிஞ்ஞிட்டு எத்ர மாசமாயி. இப்போழும் குத்தியிட்டுண்டல்லோ" என்று, இத்தனை மாதமாகியும் கழற்றாததை வியந்தார்.

அத்தை வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். தோளில் கிடந்த நேரியல் துண்டை எடுத்து மரியாதைக்கு இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"எங்க குடும்பத்துல ராஜபக்தி கொஞ்சம் கூடுதலாக்கும். அவ ஒருநாளும் களற்றியதில்ல" என்றார்.

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். விருந்துக்காக லீவு போட்டிருந்த அப்பா தூணைப் பார்த்தார்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு இன்ஸ்பெக்டர் அம்மாள் அத்தையைப் பக்கத்தில் கூப்பிட்டு ஒரு பாடத்தை வாசிக்கச் சொன்னார், இரண்டு கணக்குக் கேட்டார். பிறகு பெரியப்பாவைப் பார்த்துப் பேசினார். சர்க்கார் பள்ளிக்கூடங்களுக்குப் பெண் வாத்தியார்கள் கிடைக்கவில்லை. திருவனந்தபுரத்தில் தங்கிப் படிக்கப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. இது மகாராஜாவின் விருப்பம். இவ்வளவு பக்தியுள்ள குடும்பம் அதற்கு மறுப்புச் சொல்லாது என்று தாம் நம்புவதாகச் சொன்னார்.

பெரியப்பா மகாராஜாவின் படத்தை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அங்கிருந்து உதவி எதுவும் வரவில்லை. "ஆலோசிக்கலாம்" என்றார்.

அந்த ஆலோசனை நாள்கணக்கில் இழுத்தது. அம்மா பாத்திரங்களைச் சத்தத்தோடு வைத்தாள். அப்பா கச்சேரியிலிருந்து தாமதமாக வந்தார். கடைசியில் பெரியப்பாதான் ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "உனக்க அத்தையிட்ட சொல்லு, வெள்ளச் சேல ரெண்டு புதுசா எடுக்கணும்னு" என்றார். தாமே போய்ச் சொல்ல அவருக்கு முடியவில்லை.

அத்தை புறப்பட்ட அன்று நாகர்கோவிலிலிருந்து வரும் மோட்டார் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றோம். மாமா அவளைக் கூட்டிப்போக வந்திருந்தார். அப்பாவுக்குக் கச்சேரி. அம்மா படலை வாசலுக்கு வெளியே வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா வந்தார், மறு கையில் குடை.

அத்தை புதுச் சேலை கட்டியிருந்தாள். அதில் ஒன்றும் குத்தியிருக்கவில்லை.

"வில்ல எங்க?" என்று கேட்டார் பெரியப்பா.

"பெட்டியில உண்டு அண்ணா."

"எடுத்துக் குத்து. போற வழியில நாலு பேரு நாலு கேள்வி கேப்பான். அது இருந்தா கேக்க மாட்டான்."

அத்தை அவரை நேராகப் பார்த்தாள். அதற்கு முன்னால் அவள் அவரை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"இனி வேண்டாம் அண்ணா. கேட்டா நானே சொல்லிக்கிடுவேன்."

பஸ் வந்தது. கண்டக்டர் பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டே, யார் போகிறது என்று கேட்டான். மாமா பதில் சொல்லுமுன் பெரியப்பா சொன்னார்: "எங்க வீட்டு வாத்தியாரம்மையாக்கும். பாத்துக் கொண்டு போணும்." இன்னும் படிக்கவே தொடங்காதவளை வாத்தியாரம்மை என்று சொன்னது தப்பில்லையா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் அமரவிளைப் பக்கமாகப் போய் மறைந்துவிட்டது. பெரியப்பா நின்ற இடத்திலேயே நின்றார். போகலாம் என்று கையை இழுத்தேன். அவர் அசையவில்லை.

எனக்குக் கல்யாணம் பேசத் தொடங்கிய காலத்தில்தான் அம்மா சொன்னாள். அத்தைக்கு அந்த மாப்பிள்ளையைப் பார்த்து முடித்தது பெரியப்பா. பையன் இருமுகிறான் என்று அப்பா சொன்னாராம். தறவாட்டு வீடும் வயலும் உள்ள இடம், மழைக்காலத்து இருமல் எல்லோருக்கும் உள்ளதுதான் என்று பெரியப்பா முடிவு செய்துவிட்டாராம். அத்தை திரும்பி வந்த பிறகு அவர் அவளை நிமிர்ந்து பார்த்ததில்லை, அவள் போட்ட சோற்றைத்தான் பார்த்தார் என்றாள் அம்மா. அவள் சேலையில் ஒரு துண்டுத் தகரம் ஏறிய பிறகுதான், அங்கே வேறு ஒன்றுமே இல்லை என்பது அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

இதெல்லாம் எனக்கு அன்று எப்படித் தெரியும்? ரோட்டோரத்தில் வெயில் தலையைச் சுட்டது. பெரியப்பாவுக்கு வயதாகிவிட்டது, கையிலிருக்கும் குடையை விரிக்கக்கூட மறந்துவிடுகிறார் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.