நாலாவது கோடு

போன ஞாயிற்றுக்கிழமை, ஹைவே ஓய்விடத்தில் காரை நிறுத்தி, என் வீட்டுக்காரரைக் கீழே இறங்கச் சொன்னேன்.

ஆமாம்... "இறங்குங்க" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். ஆனால் பக்கத்தில் கொய்யாப்பழம் வெட்டிக்கொண்டிருந்த மலாய்க்கார அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் எவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் குணா. பைலட். உடனே பெரிய ஜெட் என்று நினைத்துவிடாதீர்கள். ரெண்டு பக்கமும் காத்தாடி சுற்றும் சின்ன விமானம், சின்ன கம்பெனி. ஆனால் அதில் அவர் கேப்டன். இடது பக்க சீட், தோளில் நாலு கோடு. காலையில் போனால் பெரும்பாலும் ராத்திரி சாப்பாட்டுக்கு, சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய ஜொகூரில், தெப்ராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ரசத்தில் உப்பு குறைச்சல் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார். எங்கள் வண்டி இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு முந்தின திங்கட்கிழமை ஒரு ஈமெயில் வந்தது. அன்றிலிருந்து எங்கள் ரெண்டு பேருக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

பெரிய கம்பெனி. ஜெட் விமானம். இன்டர்வியூ, சிமுலேட்டர் டெஸ்ட் எல்லாம் முன்பே முடிந்து, இப்போது "வாங்க" என்று கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

இதில் யோசிக்க என்ன இருக்கு என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அதைத்தான் கேட்டேன். அப்புறம்தான் விளங்கியது.

ஒரு டீச்சர் பள்ளிக்கூடம் மாறினாலும் டீச்சர்தான். ஒரு டாக்டர் ஆஸ்பத்திரி மாறினாலும் டாக்டர்தான். பைலட் தொழிலில் மட்டும், கம்பெனி மாறினால் பழைய சர்வீஸ் கூட வராது. புது இடத்தில் நேற்றுச் சேர்ந்தவருக்குப் பின்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும். இவர் மறுபடியும் துணை விமானி. இடது சீட்டிலிருந்து வலது சீட்டுக்கு. நாலு கோட்டிலிருந்து மூணு கோட்டுக்கு. இடது பக்கம் யார் உட்கார்ந்திருப்பார்? இவர் கேப்டன் ஆனபோது ஸ்கூல் பேக் மாட்டிக்கொண்டிருந்த யாரோ ஒருத்தர்! அதோடு வேலை கோலாலம்பூரில். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வந்தால் பெரிய விஷயம்.

சரி, வேண்டாம் என்று சொல்லிவிடலாமே?

அங்கேதான் வில்லங்கம். இவருடைய கம்பெனியில் ஒரு விமானம் ரொம்ப நாளாக ஹேங்கர் கொட்டகையில் நிற்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் வரும், வரும் என்று காத்திருந்தார்கள். இப்போது அதிலிருந்தே பார்ட்ஸைக் கழற்றி மற்ற விமானங்களுக்குப் போடுகிறார்களாம். சாப்பிட்டுக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற குரலில் சொன்னார். வயசும் நாற்பத்தஞ்சைத் தாண்டிவிட்டது. ஜெட்டே ஓட்டாத ஆளை இதற்கு மேல் யார் கூப்பிடப் போகிறார்கள்?

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் நடந்த பேச்சு இதுதான்:

"உனக்கு ஓகேவா?"

"உங்களுக்கு ஓகேன்னா எனக்கு ஓகே."

"இல்ல, நீ சொல்லு."

"பறக்கப் போறது நீங்கதானே? நீங்க சொல்லுங்க."

ஒருத்தரை ஒருத்தர் உபசரித்தே காரியத்தைக் கெடுப்பது நம்ம ஆட்களுக்குக் கைவந்த கலை. அவர் சுத்தமாக இருந்த காரைத் திரும்பத் திரும்பக் கழுவினார். நான் சமையலறை அலமாரியில் இருந்த டப்பாக்களை இறக்கி, துடைத்து, அதே இடத்தில் ஏற்றினேன். ரெண்டு பேரும் பயங்கர பிஸி.

ஜொகூரில் வேலை மாறுவதைப் பற்றி யோசனை கேட்டால் என்ன கிடைக்கும்? சிங்கப்பூர்தான்! என் கொழுந்தன் செல்வம், விடிவதற்கு முன்னாலேயே மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் பேக்டரிக்குப் போகிறவன். போனில் குதித்தான்.

"அலமாக்! இதுக்கெல்லாமா அண்ணி யோசிப்பாங்க? நான் எத்தனை கம்பெனி மாறிட்டேன்! புடிக்கலையா, டாட்டா. போலாம்னு சொல்லுங்க லா!"

"உனக்கு எல்லாக் கம்பெனியிலயும் அதே ஸ்டூல்தானே செல்வம்? அண்ணனுக்கு சீட்டே மாறுதுப்பா" என்றேன்.

"எந்த சீட்டுல உக்காந்தா என்ன? ப்ளேன் ஒரே இடத்துக்குத்தானே போவுது?"

எரிச்சலாக வந்தது. போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லாபிஸில் சொந்தக்காரர் வீட்டில் காது குத்து. மறுநாள் பதில் அனுப்ப வேண்டும், நாங்கள் இன்னும் ஒரு முடிவுக்கும் வரவில்லை. போகும்போது அவர்தான் ஓட்டினார். வழி நெடுக எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம்.

பந்தியில் உட்கார்ந்தோம். குணாவுக்கு ஒரு அத்தை. ராக்கம்மா அத்தை. விமானத்தைக் கப்பல் என்றுதான் சொல்வார். சாம்பார் வாளியோடு வந்தவர் எங்கள் முன்னால் நின்றார்.

"ஏன்டா குணா, புதுக் கப்பல் பெருசாமே?"

"பெருசுதான் அத்தே."

"அப்பச் சட்டையில இன்னும் ரெண்டு கோடு ஏத்துவானுங்க, என்ன?"

"இல்ல அத்தே... ஒண்ணு குறையும். மூணுதான்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. மொத்தப் பந்திக்கும் கேட்கிற குரலில் அத்தை கேட்டார்:

"கோட்டைக் குறைக்கிறானுங்களா! ஏன்டா... என்னடா தப்பு பண்ணே?"

எல்லாரும் சிரித்தார்கள். குணாவும் சிரித்தார். ஆனால் அவர் இலையை மூடும்போது பார்த்தேன். அப்பளம் ஒடிக்காமல் அப்படியே கிடந்தது. இந்த மனுஷனுக்கு அப்பளம் என்றால் உயிர்.

திரும்பிக் கிளம்பும்போது அவருக்கு போன் மேல் போன். காது குத்துக்கு வர முடியாத சொந்தங்களெல்லாம் போனில் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாவியைப் பிடுங்கிக்கொண்டு நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் நாட்டுக் காரில் ஓட்டுகிறவர் வலது பக்கம், கூட வருகிறவர் இடது பக்கம். விமானத்தில் கேப்டன் உட்காருவதும் இடது பக்கம்தான். அவருடைய வலது கைக்கு எட்டும் இடத்தில் இன்ஜின் லிவர் இருக்கும். முன்னால் தள்ளினால் பவர். சரி, காரில் அதே இடத்தில் என்ன இருக்கிறது? கியர்! அன்றுவரை நான் இதை யோசித்ததே இல்லை.

யோங் பெங்கில் ஹைவே ஏறினோம். போனை அணைத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். ஆரம்பித்தது. "ஏன் இவ்ளோ ஒட்டிப் போற?" "சிக்னல் போடு." "மெதுவா... மெதுவா." ரசத்துக்கு உப்பு சொல்கிறவர்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. முந்துவதற்கு வலது பக்கம் எடுத்தேன். பின்னால் ஒரு கார் வேகமாக வருவதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினேன்.

"போ, போ... பவர்!" என்றார். சொல்லிக்கொண்டே அவருடைய வலது கை கியரைப் பிடித்து முன்னால் தள்ளியது.

விமானமாக இருந்தால் சீறிப் பாய்ந்திருக்கும். இது ஆட்டோ கியர் கார். நியூட்ரலுக்குப் போனது. மிதித்தால் இன்ஜின் அலறுகிறது, கார் இழுக்கவில்லை. இடது பக்கம் லோரி. பின்னால் வந்த கார் லைட் அடித்து, ஹாரன் அடித்து... என்ன ஆனது என்றே எனக்குப் புரியவில்லை. அவர்தான் "ஐயோ" என்று கியரை மறுபடி இழுத்தார். எப்படியோ லோரிக்குப் பின்னால் வந்து ஒதுங்கினேன். அடுத்த ஓய்விடம் எப்போது வந்தது, எப்படி உள்ளே நுழைந்தேன்... ஒன்றும் ஞாபகம் இல்லை.

"இறங்குங்க."

இறங்கினார்.

"இப்ப இந்தக் காடியை ஓட்டுறது யாரு?"

"...நீ."

"அப்ப உங்க கைக்கு அங்க என்ன வேலை?"

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது வேறு யாருடைய கையோ என்பது மாதிரி. "சாரி" என்றார். அப்புறம் மெதுவாகப் பேசினார்.

"கை போனதுகூடப் பரவால்ல. போனதே எனக்குத் தெரியல பாரு... அதான் பயமா இருக்கு. அங்க போய், அந்தச் சின்ன வயசு கேப்டன் ஓட்டும்போது நான் இப்படிக் கையை விட்டேன்னா? ரெண்டாவது ஆளா உக்காருறது எப்படின்னு எனக்கு மறந்துபோச்சு."

"அத்தை கேட்டதுதானே மனசுல ஓடுது?"

"அத்தை என்ன தப்பாவா கேட்டாங்க? கோடு குறைஞ்சா... ஏதோ தப்பு பண்ண மாதிரிதான் இருக்கு."

ஒரு வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் அந்த இடத்தில் கொட்டிவிட்டேன்.

"கேளுங்க. கேப்டன் பொண்டாட்டின்னு சொல்லிக்க எனக்கும்தான் புடிக்கும். நீங்க இல்லாத வீட்டுல தனியா சாப்புடப் போறதை நெனச்சாலே எனக்கு நெஞ்சு அடைக்குது. ஆனா உங்க கம்பெனி ஒரு நாளு கதவைச் சாத்திட்டா? நாலு கோட்டுச் சட்டையை ஹேங்கர்ல மாட்டிட்டு நீங்க சோபாவுல உக்காந்திருப்பீங்களே... அதை என்னால பாக்க முடியாதுங்க. போங்க. நான் சொல்றேன். போங்க!"

சொல்லிவிட்டேன். சொன்னதும் காரில் சாய்ந்துகொண்டேன். கொய்யாப்பழ அக்கா ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, குணாவை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி. வீடு வரைக்கும் நீ ஓட்டு. நான் உக்காந்து பாக்குறேன், முடியுதான்னு" என்றார்.

காக்பிட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஓட்டுவது என்பதை வாய்விட்டுச் சொல்லித்தான் மாற்ற வேண்டும். மனசுக்குள் நினைத்துக்கொண்டால் போதாது. "யூ ஹேவ் கண்ட்ரோல்" என்று ஒருவர் சொல்ல வேண்டும். "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் இவர் கையை எடுப்பார், அவர் பிடிப்பார். யூனிபார்ம் போட்டு பல வருஷம் ஆனவர்களும் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும்.

சீட் பெல்ட் போட்டுக்கொண்டு அவர் சொன்னார். "யூ ஹேவ் கண்ட்ரோல்."

எனக்கு வெட்கமாக இருந்தது. கொய்யாவை வாயில் வைத்துக்கொண்டே "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்றேன்.

வலது கையைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டார். நான் ஒட்டிப் போனேன், அவர் பேசவில்லை. சிக்னல் போட மறந்தேன், உதட்டைக் கடித்தார், பேசவில்லை. பாவமாகக்கூட இருந்தது. கூலாய் தாண்டும்போது நல்ல மழை. ஒரு பஸ்ஸை முந்திவிட்டு மறுபடி இடது பக்கம் எடுக்கப் போனேன்.

"இடது பக்கம் மோட்டார்."

குரலை உயர்த்தவில்லை. கியரைத் தொடவில்லை. திரும்பிப் பார்த்தேன். லைட் எரியாத ஒரு மோட்டார், மழைக்கோட்டு போட்ட ஒருத்தர், என் கண்ணாடியில் விழாத இடத்தில். இன்னும் கொஞ்சம் திருப்பியிருந்தால்... ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன்.

"செக்" என்றேன். பார்த்துவிட்டேன் என்பதற்கு அவர் சொல்லிச் சொல்லி நான் கேட்ட பைலட் வார்த்தை, தானாக வாயில் வந்தது.

அவ்வளவுதான். "பாத்து ஓட்ட மாட்டியா?" இல்லை. "நான் இல்லன்னா என்ன ஆயிருக்கும்?" இல்லை. தேவையானதை மட்டும் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டது கல்யாணம் ஆனதிலிருந்து அதுதான் முதல் தடவை!

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ரொம்பக் கஷ்டம். கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்துச்சு" என்றார். கதவைத் திறக்கப் போனவர் திரும்பினார். "ஆனா அந்த மோட்டாரை நான்தானே பாத்தேன்?"

முகத்தில் அப்படி ஒரு பெருமை. அத்தை வாளியோடு வந்து நின்றதிலிருந்து காணாமல் போயிருந்த முகம் அது. நான் ரசம் வைத்து இறக்குவதற்குள் பதில் ஈமெயில் போய்விட்டது. வருகிறேன் என்று.

யோசித்துப் பார்க்கிறேன். எத்தனை வீட்டில் இப்படி நடக்கிறது! முடிவு எடுக்க வேண்டியது யார் என்று ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எல்லாருடைய கையும் கியரில் இருக்கிறது... லாபிஸ் கை, சிங்கப்பூர் கை, போனில் வருகிற கை. வண்டி நியூட்ரலில் நின்று அலறுகிறது.

முடிவு சரிதானா? சத்தியமாக எனக்குத் தெரியாது. அவர் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். பயணப் பெட்டிக்குப் புதுச் சக்கரம் போட்டாயிற்று. பயம் இன்னும் அப்படியே இருக்கிறது. இனிமேல் கூரை ஒழுகினாலும் கார் மக்கர் பண்ணினாலும் நான்தான் பார்க்க வேண்டும். ரசத்துக்கு உப்பு சொல்லவும் ஆள் இல்லை.

நேற்று ராக்கம்மா அத்தை போன் பண்ணினார்.

"ஏம்மா, கோடு மூணுதானா? ஒரு வார்த்தை திரும்பக் கேட்டுப் பாத்தீங்களா?"

"மூணுதான் அத்தே" என்றேன். "நாலாவது கோட்டை வீட்டுலயே விட்டுட்டுப் போறாரு. இனிமே அது என் தோள்ல!"